சைலன்சரில் தண்ணீர் சொட்டுகிறதா? முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள்

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு கேட்டைத் திறக்கப் போகிறீர்கள். திரும்பி வந்து பார்த்தால் சைலன்சர் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், அதன் நடுவே சில கரும்புள்ளிகள். புதுக் கார் என்றால் வயிறு கலங்கும். பழைய கார் என்றால் இன்னும் கூடுதலாகக் கலங்கும், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரரோ தெருமுனை மெக்கானிக்கோ அதற்குள் "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார்" என்று சொல்லியிருப்பார். ஹெட் என்பது என்ஜினின் மேல்மூடி. அதன் அடியில், குளிர்விக்கும் திரவம் சிலிண்டருக்குள் போகாமல் அடைத்து வைக்கும் தகடுதான் கேஸ்கெட்.

நேராகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் காரோ சிஎன்ஜி காரோ, இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்த முதல் 10, 15 நிமிடங்களுக்குத் தெளிவான, வாசனையில்லாத தண்ணீர் சொட்டினால் அது முழுக்க இயல்பு. எதையும் பிரிக்க வேண்டாம், எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் அந்தத் தண்ணீர் எரிபொருள் எரிந்து உண்டானதா, அல்லது என்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஓட வேண்டிய கூலன்ட் தப்பி வந்ததா என்பதை சைலன்சரைப் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்லவே முடியாது. அதற்கான சாட்சி வண்டியின் முன்பக்கத்தில், கூலன்ட் டேங்கில் இருக்கிறது. ஐந்து நிமிடம் செலவழித்து அங்கே பார்க்காமல் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள் என்பதற்காகத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தண்ணீர் வருவது எப்படி

பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். எரியும்போது கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது, ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீர் ஆகிறது. எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் தாம்பரத்தில் கிளம்பி செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் தண்ணீரை ரோட்டில் விட்டிருக்கும். அது நம் கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் சைலன்சர் முழுக்கச் சூடாகிவிட்ட பிறகு அத்தனையும் ஆவியாகவே வெளியே போய்விடுகிறது.

சொட்டுவதெல்லாம் சூடாவதற்கு முன்னால்தான். பெட்ரோல் புகையில் இருக்கும் நீராவி ஏறத்தாழ 50 டிகிரிக்குக் கீழே இருக்கும் இரும்பில் பட்டால் அப்படியே நீர்த்துளியாகிவிடும். சோறு வேகும்போது பானை மூடியின் உட்பக்கம் நீர் கோத்து நிற்கிறதே, அதே சங்கதி. என்ஜினிலிருந்து பின் பம்பர் வரை நீளும் குழாய், நடுவில் புகையைச் சுத்தமாக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டர், கடைசியில் பெரிய டப்பா. இந்த இரும்பு முழுவதும் சூடாக நேரம் எடுக்கும், அதிலும் கடைசி டப்பாதான் எல்லாவற்றுக்கும் பின்னால் சூடாகும். அதுவரை தண்ணீர் உள்ளேயே தேங்கி, நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது புகையின் வேகத்தில் கொஞ்சம் வெளியே தெறிக்கும். சிக்னலில் முன்னால் நிற்கும் கார் கிளம்பும்போது பின்னால் சுள்ளென்று தண்ணீர் தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். போர்ட்டிகோவிலேயே நிறுத்தி 10 நிமிடம் "சூடு பண்ணுகிறேன்" என்று ஐடிலில் விடுபவர்களுக்குத்தான் தண்ணீர் அதிகம் சொட்டும். ஐடிலில் வெளிவரும் புகை குறைவு, அதன் சூடும் குறைவு, கடைசி டப்பா வரை போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடுகிறது. அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும், பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டே போங்கள். சைலன்சரும் சீக்கிரம் காயும், என்ஜினுக்கும் அதுதான் நல்லது. ஷட்டர் போட்ட கார் ஷெட்டுக்குள் நிறுத்தி சூடு பண்ணும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொல்லும்.

கரும்புள்ளிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது கம்ப்யூட்டர் சற்றுக் கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கும், அதனால் கொஞ்சம் புகைக்கரி உண்டாகும், சைலன்சரில் ஏற்கெனவே படிந்திருக்கும் கரியும் தண்ணீரோடு கலந்து வரும். தொட்டுப் பார்த்தால் தண்ணீர்போலத்தான் இருக்கும், விரலில் கருப்பு ஒட்டும், சோப்புப் போட்டால் போய்விடும். பிசுபிசுப்பாக, எண்ணெயாக இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

நண்பரின் டீசல் கார் சொட்டுவதே இல்லை, என்னுடையது மட்டும் ஏன் என்று கேட்பவர்களுக்கு: டீசல் என்ஜின், தேவைக்கு மேல் நிறையக் காற்றை இழுத்து ஓடுவது. அதனால் புகையில் நீராவியின் பங்கு குறைவு, நம் ஊர் வெப்பத்தில் அது துளியாவதும் குறைவு. சிஎன்ஜி இதற்கு நேர் எதிர். மீத்தேனில் ஹைட்ரஜன் அதிகம், ஒரு கிலோ எரிந்தால் இரண்டேகால் கிலோ தண்ணீர் வரும், ஆகவே சிஎன்ஜி போட்ட கார் கூடுதலாகச் சொட்டினால் அதுவும் இயல்பு. ஹைப்ரிட் கார்களில் என்ஜின் அடிக்கடி நின்று நின்று ஓடுவதால் சைலன்சர் முழுச் சூட்டுக்கு வரத் தாமதமாகும், அங்கேயும் கொஞ்ச நேரம் கூடுதலாகச் சொட்டும்.

அப்புறம் எத்தனால். பெட்ரோல் பங்க்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, "அந்தத் தண்ணீர்தான் சைலன்சர் வழியாக வருகிறது" என்று பலரும் சொல்கிறார்கள். அப்படி இல்லை. எத்தனால் எரிந்தாலும் தண்ணீர்தான் வரும், லிட்டர் கணக்கில் பார்த்தால் அது பெட்ரோல் கொடுக்கும் அளவுக்கு ஏறத்தாழ சமம்தான். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பது உண்மை. தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் அது எத்தனாலையும் இழுத்துக்கொண்டு டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். ஆனால் அப்படி ஆனால் வண்டி சைலன்சர் வழியாகச் சொல்லாது. பம்ப் அடியிலிருப்பதைத்தான் முதலில் உறிஞ்சும், என்ஜின் தடுமாறும், இழுக்காது, நின்றுபோகும், திரும்ப ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். மழை நாளில் பெட்ரோல் போட்டுவிட்டு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இப்படி நடந்தால் பில்லைப் பத்திரமாக வையுங்கள், டேங்கிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து அசையாமல் வைத்து அடியில் வேறு நிறத்தில் ஓர் அடுக்கு பிரிகிறதா என்று பாருங்கள். வண்டி சீராக ஓடுகிறது, சைலன்சர் மட்டும் சொட்டுகிறது என்றால் பங்க்காரர் மீது குறை இல்லை.

இதற்கு நேர் எதிராக ஒரு நம்பிக்கையும் உண்டு: தண்ணீர் சொட்டினால் என்ஜின் சூப்பர், மைலேஜ் பிரமாதம் என்பார்கள். பெட்ரோல் எரிகிறது, சைலன்சர் இன்னும் ஆறியிருக்கிறது, இந்த இரண்டைத்தான் அந்தத் தண்ணீர் சொல்லும். மைலேஜைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

ஒரு வெள்ளைத் தாள் போதும்

சந்தேகம் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டி, காலை முதல் ஸ்டார்ட். அதற்கு முன் சைலன்சர் வாய்க்கு நேர் கீழே ஒரு வெள்ளைத் தாளையோ அட்டையையோ வைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள், இல்லாவிட்டால் புகை அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஐடிலில் நான்கைந்து நிமிடம் விட்டு, இரண்டு முறை லேசாக ரேஸ் செய்துவிட்டு, ஆஃப் செய்து தாளை எடுத்துப் பாருங்கள்.

ஈரம், நடுவே பொடிக் கரி, காய்ந்த பிறகு சாம்பல் நிறத்தில் மங்கலான வட்டங்கள் என்றால் இயல்பான தண்ணீர். காய்ந்த பிறகும் தாளில் எண்ணெய்த்தாள்போல ஊடுருவித் தெரியும் கறை இருந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது, புகையிலும் நீலம் தெரியும். பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று கூலன்டின் நிறச் சாயல் தெரிந்தாலோ, இனிப்பான ஒரு வாடை அடித்தாலோ உடனே கவனிக்க வேண்டும். ஆனால் நிறம் தெரியவில்லை என்பதை வைத்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். சிலிண்டருக்குள் போன கூலன்ட் பெரும்பாலும் வெந்து ஆவியாகித்தான் வரும், நிறத்தோடு வராது.

சுவைத்துப் பார்க்கவே கூடாது. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். தரையில் கூலன்ட் சிந்தியிருந்தால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் முக்கியம்.

தாளை வைக்கும்போதே சொட்டு எங்கிருந்து விழுகிறது என்று குனிந்து பாருங்கள். சைலன்சர் டப்பாவின் அடிப்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருந்து, அதிலிருந்து சொட்டினால் அது துருப்பிடித்த ஓட்டை அல்ல. தேங்கும் தண்ணீர் வடியட்டும் என்று கம்பெனியே போட்ட ஓட்டை, விளிம்பு சுத்தமாக வட்டமாக இருக்கும். அதை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டு "லீக் சரி பண்ணிட்டேன்" என்பவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று சில வருடத்தில் டப்பாவையே தின்றுவிடும். ஆனால் குழாயின் நடு ஜாயின்ட்டிலிருந்து சொட்டுகிறது, கூடவே புஸ்புஸ் என்று சத்தமும் கேட்கிறது என்றால் அது புகை லீக், அந்தப் புகை காருக்குள் வர வழியிருக்கிறது. அதைத் தள்ளிப்போடாமல் சரிசெய்யுங்கள்.

இப்போது பானெட்டைத் திறங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். காலையில், என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, சமதரையில் நிற்கும்போது கூலன்ட் டேங்கைப் பாருங்கள். பக்கவாட்டில் மின், மேக்ஸ் என்று இரண்டு கோடு இருக்கும். இப்போது கூலன்ட் எங்கே நிற்கிறதோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி அதில் தேதியும் கிலோமீட்டரும் எழுதுங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். ஒரு வாரம் கழித்து அதே காலை நேரத்தில், அதே இடத்தில் மறுபடி பாருங்கள். சூடான என்ஜினில் பார்க்காதீர்கள், சூட்டில் கூலன்ட் விரிந்து மட்டம் ஏறித் தெரியும், கணக்குத் தப்பாகிவிடும்.

கூலன்ட் மட்டம் கோட்டிலேயே நிற்கிறதா? சைலன்சர் எவ்வளவு சொட்டினாலும் அது எரிபொருளின் தண்ணீர்தான், வண்டியை ஓட்டுங்கள். கோட்டுக்குக் கீழே விரல் அளவுக்கு இறங்கியிருக்கிறதா? கூலன்ட் மூடிய வட்டத்தில் ஓடுவது, வாரத்துக்கு ஒரு முறை ஊற்றி நிரப்ப வேண்டியது அல்ல. எங்கேயோ போகிறது.

எங்கேயோ என்றால் ஹெட் கேஸ்கெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நைந்திருக்கலாம், ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கலாம், வாட்டர் பம்ப் சீல் கசியலாம். டீசல் கார்களில் ஈஜிஆர் கூலர் (என்ஜினுக்குள் திரும்ப விடும் புகையை ஆற்றும் பாகம்) உள்ளே விரிசல் விட்டு, கூலன்ட் அங்கிருந்து புகையோடு கலந்து போவதும் உண்டு. அதில் ஹெட் கேஸ்கெட் நன்றாகவே இருக்கும், ஆனாலும் வெள்ளைப் புகை வரும், கூலன்ட் குறையும். டீசலில் வேறொரு வெள்ளைப் புகையும் இருக்கிறது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரோ, ஸ்டார்ட் ஆகும்போது சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கோ சரியில்லாமல் டீசல் எரியாமலே வெளியே வருவது. அது கண்ணை எரிக்கும், பச்சை டீசல் வாடை அடிக்கும், அதை வைத்துப் பிரித்துவிடலாம்.

ஹெட் கேஸ்கெட் உண்மையிலேயே போனால் கூலன்ட் குறைவதோடு இன்னும் ஓரிரண்டு அறிகுறியாவது சேர்ந்துதான் வரும். என்ஜின் நன்றாகச் சூடாகி அரை மணி நேரம் ஓடிய பிறகும் வெள்ளைப் புகை கட்டியாக வந்துகொண்டே இருக்கும். நீராவி வெளியே வந்த சில அடிகளிலேயே கரைந்து காணாமல் போகும், இது போகாமல் தெருவில் தொங்கும். டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தைத் தாண்டும். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்துக்குள்ளேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகிவிடும், சிலிண்டரின் அழுத்தம் கூலன்டுக்குள் புகுவதால். கூலன்ட் டேங்கில் நிற்காமல் குமிழி வரும்.

இதில் ஏமாற்றும் ஒரு நிலை இருக்கிறது, அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். கேஸ்கெட் இப்போதுதான் லேசாகக் கசியத் தொடங்கியிருந்தால், இரவில் வண்டி நிற்கும்போது கொஞ்சம் கூலன்ட் ஒரு சிலிண்டருக்குள் இறங்கி நிற்கும். காலையில் ஸ்டார்ட் செய்தால் என்ஜின் முதல் சில நொடிகள் குலுங்கும், ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கும், பின்னால் ஒரு பெரிய வெள்ளைப் புகை போகும், பிறகு எல்லாம் சீராகிவிடும். பார்ப்பவர் குளிர் காலம், அதான் என்று விட்டுவிடுவார். வழக்கமான காலை நீராவிக்கும் இதற்கும் பின்பக்கம் நின்று பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. கூலன்ட் கோடு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

ஆயில் மூடியைத் திறந்தால் உட்பக்கம் பால் கலந்த மாதிரி வெளிர் பசை ஒட்டியிருப்பதைப் பார்த்தும் பலர் பயந்துவிடுகிறார்கள். மூடியில் மட்டும் மெல்லிசாக இருந்தால், வண்டி தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிறது, ஆயில் சூடாகி ஈரம் ஆவியாவதற்குள் நிறுத்தப்படுகிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஒரு நாள் நீளமாக ஓட்டிவிட்டு மூடியைத் துடைத்துப் பாருங்கள், திரும்ப வராது. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்தால் அதிலுள்ள ஆயிலே காபி நிறத்தில் பால் தட்டியிருந்தால் அது வேறு கதை. ஆயிலில் கூலன்ட் கலந்துவிட்டது, ஸ்டார்ட்டே செய்யக் கூடாது.

சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தோடு 100 டிகிரி ஒட்டி நிற்கும் திரவம் முகத்தில் பீய்ச்சும். குமிழி பார்க்க வேண்டும் என்றாலும் ஆறிய என்ஜினில் திறந்து வைத்து, ஸ்டார்ட் செய்து, முதல் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது

கூலன்ட் குறைகிறது என்று தெரிந்த பிறகு போய் "ஹெட் கேஸ்கெட் பாருங்க" என்று சொல்லாதீர்கள். நீங்களே அந்தப் பெயரைச் சொன்னால் ஹெட் கழன்றுவிடும். "கூலன்ட் இத்தனை கிலோமீட்டரில் இவ்வளவு குறைந்திருக்கிறது, எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள், டேப்பில் எழுதியதைக் காட்டுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் பிரஷர் டெஸ்ட். ரேடியேட்டரில் கைப் பம்பு மாட்டி அழுத்தம் ஏற்றி, அது இறங்குகிறதா, வெளியே எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது. வெளிக்கசிவு இருந்தால் அத்தோடு விஷயம் முடிந்தது. இல்லை என்றால் அடுத்து கெமிக்கல் டெஸ்ட். ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம் ஊற்றி ரேடியேட்டர் வாயில் வைத்து அங்கிருக்கும் காற்றை அதன் வழியே இழுப்பார்கள், எரிந்த புகை கூலன்டுக்குள் வந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். அப்புறம் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்ப்பது. கூலன்ட் இறங்கும் சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருக்கும். கடைசியாக கம்ப்ரஷன் டெஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளப்பது. இவ்வளவும் பார்த்து உறுதியான பிறகு ஹெட்டைக் கழற்றலாம். இது எதையும் செய்யாமல் சைலன்சரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு "என்ஜினை இறக்கிடலாம் சார்" என்று சொல்லும் இடத்திலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புவதே நல்லது. எனக்குத் தெரிந்த ஒருவரின் காரை இப்படித்தான் இறக்கச் சொன்னார்கள், அவர் வேறு இடத்தில் காட்டியபோது கூலன்ட் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை என்று தெரிந்தது.

கேஸ்கெட்தான் என்று உறுதியாகிவிட்டால் மாற்றும்வரை ஓட்டாதீர்கள். "கொஞ்சம் தண்ணி ஊத்திக்கிட்டே சமாளிக்கலாம்" என்று ஓட்டி என்ஜின் ஓவர்ஹீட் ஆனால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும், செலவு பல மடங்காகும். நம் ஊரில் என்ஜின் ஓவர்ஹீட் ஆக இன்னொரு காரணமும் இருக்கிறது. கூலன்ட் எல்லாம் குளிர் நாட்டுக்கு, நமக்கு எதுக்கு என்று போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது. அந்தத் தண்ணீரிலுள்ள உப்பு உள்ளே படிந்து வழிகளை அடைக்கும், உலோகத்தை அரிக்கும். கூலன்ட் உறையாமல் காப்பது மட்டுமல்ல, துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் ஏற்றிவைக்கிறது. மே மாத வேலூர் டிராஃபிக்கில் ஏசியோடு நிற்கும் காருக்கு அது ஐரோப்பாக் காரைவிடக் கூடுதலாகவே தேவை.

சொட்டுவது ஏசி தண்ணீராகவும் இருக்கலாம்

நீளமாக ஓட்டிவந்து நிறுத்திய பிறகு காரின் அடியில் தண்ணீர் சொட்டினால் அது பெரும்பாலும் சைலன்சர் இல்லை, ஏசி. முன் சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னால், பெரும்பாலான கார்களில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையின் பக்கமாகச் சொட்டும், தொட்டால் சில்லென்று சுத்தமான தண்ணீராக இருக்கும். சென்னைப் புழுக்கத்தில் அது ஒரு குட்டையே கட்டிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. ஏசி ஓடியும் அங்கே சொட்டவே இல்லை, உள்ளே கால்மிதி ஈரமாகிறது என்றால்தான் டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது.

சைலன்சர் துருப்பிடிக்காமல் இருக்க

இயல்பான தண்ணீர் என்றாலும் அது சைலன்சருக்கு நல்லதில்லை. புகையிலுள்ள கந்தகமும் நைட்ரஜன் ஆக்சைடும் அதில் கரைவதால் லேசான அமிலமாக இருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்துக்கான எரிபொருள் வந்து கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது பெரிய உதவி, ஆனாலும் தேங்கி நின்றால் அரிக்கத்தான் செய்யும். வயதானவர்கள் வைத்திருக்கும் கார்களில் இதைப் பார்க்கலாம். காலையில் கோயில், மாலையில் மார்க்கெட், மொத்தம் நான்கு கிலோமீட்டர். மீட்டரில் சொற்பக் கிலோமீட்டர், ஆனால் சைலன்சர் டப்பா உள்ளிருந்து அரித்து ஓட்டை. தினமும் நெடுஞ்சாலையில் ஓடும் டாக்ஸிக்கு அது இன்னும் திடமாக இருக்கும்.

இதற்கு மருந்து, வாரத்துக்கு ஒரு முறையாவது நிறுத்தாமல் 25, 30 கிலோமீட்டர் ஓட்டுவது. சைலன்சர் முழுக்கக் காயும், ஆயிலில் சேர்ந்த ஈரமும் போகும், பேட்டரிக்கும் நல்லது. அடுத்தடுத்து சின்னச் சின்ன வேலைகள் இருந்தால் ஒரே சுற்றில் முடித்துவிடுங்கள்.

பைக்குக்கும் இதே கணக்குதான். ஸ்பிளெண்டர் மாதிரி காற்றில் குளிரும் என்ஜின் என்றால் கூலன்டே கிடையாது, ஆகவே சைலன்சரில் வரும் தண்ணீர் ஒன்று எரிபொருளின் தண்ணீர், இல்லையென்றால் வாட்டர் வாஷில் உள்ளே போனது. வாஷ் செய்யும்போது சைலன்சர் வாயைத் துணியால் அடைத்துவிட்டு, முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிட்டு, ஒரு ஐந்து கிலோமீட்டர் ஓட்டிக் காயவிடுங்கள். கூலன்ட் உள்ள பைக்குகளுக்கு மேலே சொன்ன கோடு போடும் வேலையைச் செய்யலாம்.

பழைய கார் வாங்கும்போது

பார்க்கப் போவதற்கு முன்பே "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள், ஏனென்றால் மேலே சொன்ன காலைக் குலுங்கலும் வெள்ளைப் புகையும் ஆறிய என்ஜினில்தான் தெரியும். ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள், ஸ்டார்ட் செய்வது விற்பவர். தெளிந்த தண்ணீர் சொட்டினால் அதற்காக விலையைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். கூலன்ட் டேங்கில் கலர் கூலன்ட் இருக்கிறதா, பழுப்புத் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பாக இருந்தால் அங்கேதான் பேரம் பேச வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பார்க்கிங்கோடு மூழ்கிய கார்களை எல்லோரும் பார்த்தோம். இந்தத் தண்ணீர் மேலே சொன்ன எதிலும் சேராது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது புகையின் அழுத்தம் பெரும்பாலும் சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறவிடாது, ஆனால் தேங்கிய தண்ணீருக்குள் என்ஜின் நின்றுவிட்டால் அந்தத் தடையும் போய்விடும். பாதி தூரத்தில் நின்ற வண்டியை மறுபடி மறுபடி செல்ஃப் அடிப்பதுதான் பெரிய ஆபத்து. முன்பக்கக் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டன் அதை அழுத்தப் பார்க்கும். தண்ணீரை அழுத்த முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஆகவே சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி வயரைப் பாதுகாப்பாகக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்று வண்டியோடு சேர்த்து போட்டோ எடுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி டோ செய்யச் சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஏர் ஃபில்டரைத் திறந்து நனைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி என்ஜினைச் சுற்றவிட்டு உள்ளிருக்கும் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து அதனால் என்ஜின் போனால் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் கிடைக்காது. என்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று ஐப்பசி பிறப்பதற்கு முன்பே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.